பிரண்ட்ஸ் ரேட்டும் ஒரு குதிரையும்

ஏப்ரல் பிறந்தால் போதும், மாம்பழ சீசனோடு சேர்த்து இன்னொரு சீசனும் ஆரம்பித்துவிடும். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மாதமாக ஒரு குட்மார்னிங் கூட போடாத ஜீவன் திடீரென்று உயிர்த்தெழுந்து நாலு போட்டோ போடும். மலை, பனி, மரத்தில் செய்த பால்கனி, அதன் கைப்பிடி மேல் ஆவி பறக்கும் ஒரு டீ கப். கீழே "நிம்மதின்னா இதான் மக்களே" என்று ஒரு வரி.

"எங்கடா இது?" என்று ஏதாவது ஒரு அப்பாவி கேட்டே தீருவான்.

"நம்ம காட்டேஜ்தான் மச்சி. கொடைக்கானல்."

"சூப்பர்டா. ரேட் எவ்ளோ?"

"பர்சனல்ல வா. உனக்கு பிரண்ட்ஸ் ரேட்."

முடிந்தது கதை. இனி அந்த அப்பாவி தப்பிப்பது கஷ்டம் :-)

காட்டேஜ் வைத்திருப்பது தப்பில்லை. அதை வாடகைக்கு விடுவதும் தப்பில்லை. அப்பா பேங்க் லோன் போட்டு வாங்கிய வீடு பூட்டிக் கிடந்தால் இ.எம்.ஐ. யார் கட்டுவது? நாலு பேருக்குச் சொன்னால்தான் ஆள் வரும், அந்த நாலு பேரும் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். இதுவரை சண்டையே கிடையாது. விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் "சும்மா ஷேர் பண்றேன்" என்று வேஷம் கட்டுவதில்தான் சண்டை. கடைக்காரர் கடைக்குள் உட்கார்ந்திருந்தால் உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் வெளியே வரலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதே கடைக்காரர் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காபி குடித்து, குடும்ப விஷயம் எல்லாம் பேசி முடித்துவிட்டு மெதுவாகப் பையைத் திறந்தால் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

இந்த வித்தை கொடைக்கானல் பையன் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் டப்பர்வேர் டப்பா கடைகளில் சரியாகப் போணியாகவில்லை. பெண்கள் தங்கள் வீட்டுக்குத் தோழிகளைக் கூப்பிட்டு, தின்னக் கொடுத்து, டப்பாவைத் திறந்து மூடிக் காட்டியபோது பிய்த்துக்கொண்டு போனது. 1951-ல் கம்பெனி கடை விற்பனையையே கைகழுவிவிட்டு வீட்டு பார்ட்டி மட்டும் போதும் என்று முடிவு செய்தது. அந்த முறைக்கு உருவம் கொடுத்த பிரவுனி வைஸ் 1954-ல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டைப்படத்திலேயே வந்தார். தோழி வீட்டு கேக்கைத் தின்றுவிட்டு ஒரு டப்பா கூட வாங்காமல் எழுந்து போக யாருக்கு மனசு வரும்? மொத்த வியாபாரமும் அந்த தர்மசங்கடத்தின் மேல்தான் நின்றது. ஆனாலும் ஒரு மரியாதை இருந்தது. கூப்பிடும்போதே டப்பர்வேர் பார்ட்டி என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பிடிக்காதவள் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பத்திரிகை அடிப்பார்கள், ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், கறிச்சோறு போடுவார்கள். ஒரு பக்கம் நோட்டும் பேனாவுமாக ஆள் உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு என்பது நோட்டில் ஏறும், நாளைக்கு அவர் வைக்கும் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். "சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு காசு வாங்குறாங்களா, ச்சே" என்று நகரத்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். ஆனால் அங்கே கைநனைக்கும் ஒவ்வொருவருக்கும் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். டீ கப் போட்டோவுக்கு ஹார்ட் போட்ட பையனுக்கு அது தெரியாது. இதில் எது நாகரிகம்?

சரி, அந்த "பர்சனல்ல வா" விஷயத்துக்கு வருவோம். மொத்த கூத்திலும் மோசமானது அதுதான்.

ஒரே பொருளை ஆளுக்கொரு விலைக்கு விற்பதை ஆர்தர் பிகூ 1920-லேயே மூன்று வகையாகப் பிரித்து எழுதி வைத்துவிட்டார். பி.காம். முதல் வருஷத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்து ஒப்பித்த பாடம். முதல் வகையில், ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு தரத் தயாரோ அதை அப்படியே கறந்துவிடுவது. நிஜ உலகத்தில் இது நடக்காது, வாங்குபவனின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்குத் தெரியாது என்று வாத்தியார் சொல்வார். வாத்தியார் வாட்ஸ்அப்பை மறந்துவிட்டார். யாருக்கு அப்பா புது புல்லட் வாங்கிக் கொடுத்தார், யார் ஸ்காலர்ஷிப் வந்தால்தான் ஃபீஸ் கட்டுவான், யாருக்கு லவ் செட் ஆகி செலவழிக்கத் துடிக்கிறான், எல்லாம் நண்பனுக்குத் தெரியும். முன்பின் தெரியாத லாட்ஜ்காரருக்குத் தெரியாத ரகசியம் அத்தனையும் அவன் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு விலையை மட்டும் தனி அறைக்குள் கொண்டுபோகிறான். ஒருத்தனுக்கு 4,500, இன்னொருத்தனுக்கு 3,500, இரண்டு பேருக்குமே "உனக்காக மட்டும்" என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரு நாள் கேன்டீனில் சந்தித்து கணக்கு பேசினால் போகிற மானம் காட்டேஜ் வாடகையை விடப் பெரியது.

விலை சொல்லாததால் அடிபடுகிற இன்னொரு ஆள் இருக்கிறான், அவனை யாரும் கவனிப்பதில்லை. கையில் காசில்லாதவன். விலை எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் பார்த்துவிட்டு பேசாமல் ஸ்க்ரோல் செய்து போய்விடுவான், ஒருத்தருக்கும் தெரியாது. விலையே கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்றால், கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேட வேண்டும். "வீட்ல கேட்டு சொல்றேன்டா" என்பான். மறுநாள் "என்னடா ஆச்சு?" என்று மெசேஜ் வரும். அடுத்த நாள் "சரி, இன்னும் 300 கம்மி பண்ணிக்கலாம்". ஒரு மெசேஜ் போட்ட பாவத்துக்கு தன் வீட்டு நிலவரத்தை எல்லாம் அவிழ்த்துக் காட்ட வேண்டிய நிலைமை.

பிரண்ட்ஸ் ரேட் என்பதையும் கொஞ்சம் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். புக்கிங் ஆப்பில் போட்டால் ஆப்காரன் கமிஷன் பிடிப்பான். நண்பன் நேராக ஜிபே பண்ணினால் அது மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு அதற்குப் பாசம் என்று பேர் வைக்கிறார்கள். ஆப் வழியாகப் போனால் கேன்சல் பண்ணும்போது இவ்வளவு திரும்பி வரும் என்று எழுதி வைத்திருப்பான், தகராறு என்றால் முறையிட ஒரு இடம் இருக்கும், பின்னால் வருபவர்களுக்காக உண்மையை எழுதிவிட்டுப் போகலாம். நண்பனுக்கு ஜிபே பண்ணிய அட்வான்ஸில் இது ஒன்றுமே கிடையாது. கிளம்புகிற அன்று காய்ச்சல் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பானா மாட்டானா? பெரும்பாலும் கேட்க மாட்டான், வெட்கம். ஆக பிரண்ட்ஸ் ரேட்டில் குறைந்தது 500, கூடவே கழன்றுபோனது பாதுகாப்பு.

இப்போது தலைப்பில் உள்ள குதிரை. ஏரிக்கரையில் சவாரி விடுகிற குதிரை இல்லை மக்களே, இது 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிற குதிரை. 17-வது பிரிவில், மோசடி என்றால் என்ன என்று விளக்க ஒரு குதிரைக் கதை வரும். ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். குதிரைக்கு ஏதோ கோளாறு, அது அவனுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குபவன்தான் பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். அதே குதிரையை, இப்போதுதான் மேஜர் ஆன சொந்த மகளுக்கு விற்றால்? அந்த உறவே கோளாறைச் சொல்லியாக வேண்டிய கடமையை உண்டாக்கிவிடுகிறது. அடுத்த உதாரணம் இன்னும் ருசியானது. "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லா இருக்கு என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் சொல்ல, விற்பவன் சும்மா இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

பரீட்சைக்கு 5 மார்க் கேள்வியாக மட்டும் இதைப் படித்துவிட்டு மறந்துபோகிறார்கள். நண்பனைப் பெற்ற மகளாக சட்டம் எடுத்துக்கொள்ளாது, அது வேறு விஷயம். ஆனால் சட்டம் எழுதியவர்கள் கண்ட நியாயம் தெளிவு. நம்பிக்கை கூடக்கூட, வாயைத் திறக்க வேண்டிய கடமையும் கூடும். நம்ம ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவனுக்கு விதிமுறை ரெண்டு பக்கம் எழுதி அனுப்புவார்கள். நண்பனுக்கு? "வாடா பாத்துக்கலாம்".

பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று போனவர்களைக் கேட்டால் தெரியும். "கொடைக்கானல்" என்று போட்ட காட்டேஜ் மன்னவனூர் பக்கம் இருக்கும். ஏரியிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல், அத்தனையும் மலைரோடு. இடம் அருமையான இடம்தான், அதை யாரும் மறுக்கவில்லை, ஆனால் ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்பவனுக்கு அதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? கோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, கொடைக்கானலுக்கு சாதாரண நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். காட்டேஜ்காரனுக்கு இது அத்துப்படி. அட்வான்ஸ் வாங்கும்போது மட்டும் மறந்துபோகும். கீசர் ஒரு ரூமில்தான் வேலை செய்யும், போன் சிக்னல் பால்கனியில் மட்டும்தான், ரோட்டிலிருந்து கீழே அறுபது படி இறங்கணும், பாட்டியைக் கூட்டிப் போக முடியாது. எல்லாம் குதிரையின் கோளாறுகள்.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. "நம்ம காட்டேஜ்" என்பது பல சமயம் நம்மது இல்லை. யாரிடமோ லீஸுக்கு எடுத்தது, அல்லது யாருக்கோ ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு. அதையாவது சொல்லலாமே? இன்ஸ்டாகிராம் பிரபலங்களுக்கு மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டிக் குறிப்பே வெளியிட்டது. காசு வாங்கியிருந்தாலும் சரி, ஓசியில் ஹோட்டலில் தங்கியிருந்தாலும் சரி, அதைத் தெரியும்படி சொல்லிவிட்டுத்தான் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பிரபலத்தை நம்பிப் போகிறவன் ஏமாந்தால் ஒரு அன்ஃபாலோவோடு முடிந்துவிடும். பக்கத்து பெஞ்ச் பையனை எப்படி அன்ஃபாலோ செய்வது? ஐந்தாவது செமஸ்டர் முழுக்க அவன் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

நண்பர்கள் பக்கமும் அழுக்கு இல்லாமல் இல்லை. காட்டேஜ் வைத்திருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து "ஃப்ரீயா ஒரு நாள் விடுடா" என்று பிடுங்கி எடுக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நாலு பேர் என்று சொல்லி எட்டு பேர் இறங்குவார்கள். பெட்ஷீட்டில் பிரியாணி கொட்டும். வாட்ச்மேன் அண்ணனை ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி ஆம்லெட் கேட்பார்கள். கேட்டால் "நம்ம பய வீடுதானே". சலவைக்கு, கேஸுக்கு, தண்ணி லாரிக்கு, வாட்ச்மேன் சம்பளத்துக்கு எல்லாம் அந்தப் பய வீட்டில்தான் காசு போகிறது. இப்படிப்பட்டவர்களுக்குப் பயந்துதான் பல பேர் விலையை வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. பாதி நியாயம். ஆனால் விலை சொல்லாமல் இருப்பதால் ஓசிக் கூட்டம் குறைவதில்லை, பேரம் பேச இன்னும் வசதியாகிவிடுகிறது.

கணக்குப் பாடத்தில் ஏ.எஸ். 26 என்று ஒன்று வரும். ஒரு நிறுவனம் தானாக வளர்த்துக்கொண்ட குட்வில்லை சொத்து என்று புத்தகத்தில் காட்டக்கூடாது. காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் காட்டலாம். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நோட்ஸ் பரிமாறி, அட்டெண்டன்ஸ் போட்டுக் கொடுத்து வளர்த்த குட்வில்லை, ஒரு சீசன் வாடகைக்காக பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றுகிறவர்களை எந்த ஆடிட்டர் கேட்பது?

எப்படித்தான் போடுவது என்று கேட்டால், பெரிய கம்ப சூத்திரம் ஒன்றுமில்லை. சீசனுக்கு ஒரு தடவை, இப்படி:

"இது விளம்பரம். மன்னவனூர் பக்கம் எங்க வீட்டு காட்டேஜ், கொடைக்கானல் டவுனிலிருந்து மலைரோட்டில் 30 கிலோமீட்டருக்கு மேல். ரெண்டு ரூம், ஆறு பேர், அதுக்கு மேல கண்டிப்பா இல்லை. ஒரு நாளைக்கு 4,000, எல்லோருக்கும் அதே ரேட். கீசர் ஒரு ரூம்லதான். சிக்னல் சரியா வராது. இ-பாஸ் நீங்களே எடுக்கணும். மூணு நாள் முன்னாடி சொன்னா அட்வான்ஸ் முழுசா திரும்ப வரும். வேணும்னா கூப்பிடுங்க, வேணாம்னா பதில் போட வேண்டாம்."

யாரையும் டேக் செய்ய வேண்டாம். "சீன்" காட்டுகிறதே, ஏன் பேசவில்லை என்று நோண்ட வேண்டாம். போய் வந்தவனிடம் ஐந்து ஸ்டார் கேட்டு நச்சரிக்க வேண்டாம். அந்த மெசேஜை ஒருத்தரும் கண்டுகொள்ளாமலும் போகலாம். மறுநாள் அதே குரூப்பில் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் கேட்டால், இவன் எதற்கு வருகிறான் என்று யோசிக்காமல் யாராவது அனுப்பி வைப்பார்கள்.