ஆயுள் கைதியின் விடுதலைக்கு எந்தத் தலைவரின் பிறந்த நாள் வரவேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையிலிருந்து, படிப்பும் கைத்தொழிலும் கற்று, நன்னடத்தையுடன் திருந்திவிட்ட ஓர் ஆயுள் கைதி எப்போது வீடு திரும்பலாம் என்பதைத் தமிழ்நாட்டில் இன்றும் தலைவர்களின் பிறந்த நாளும் அரசியல் சூழலுமே பெரிதும் தீர்மானித்து வருகின்றன; இந்த நிலையைக் கண்டிப்பதும், மாற்றத்துக்குப் பொதுமக்களின் ஆதரவைக் கோருவதுமே இக்கடிதத்தின் நோக்கம். 1862-இல் நிறுவப்பட்ட சேலம் மத்திய சிறை அஸ்தம்பட்டியில், எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து சிறிது தொலைவிலேயே இருக்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கு 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஆனால், அதே மதிலுக்குள் இன்றிருக்கும் ஆயுள் கைதிகளைப் பற்றி, ‘மனு பார்க்க’ (கைதியைச் சந்திக்கும் நேர்காணலைக் குடும்பத்தார் இப்படித்தான் சொல்வர்) வாயிலில் காத்திருக்கும் தாய்மார்களைத் தவிரப் பேசுவோர் குறைவு.

பேச்சுவழக்கில் எல்லாமே ‘பரோல்’ என்று அழைக்கப்பட்டாலும், சட்டத்தில் இரண்டு வேறு ஏற்பாடுகள் உள்ளன. தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982-இன்படி, நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு அளிக்கப்படும் அவசர விடுப்பும், குறிப்பிட்ட காலம் சிறையில் கழித்த கைதி குடும்பத்தோடு இருந்து வர அளிக்கப்படும் சாதாரண விடுப்புமே பரோல் எனப்படும். விடுப்பு முடிந்ததும் கைதி சிறைக்குத் திரும்பியாக வேண்டும். மற்றொன்று முன்விடுதலை, அதாவது மீதமுள்ள தண்டனையைத் தள்ளுபடி செய்து அரசு அவரை வீட்டுக்கே அனுப்பிவிடுவது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டும் என்று 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவு கூறியது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 475-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவு ஆளுநருக்கு வழங்கியுள்ள மன்னிப்பு அதிகாரத்தை இந்த 14 ஆண்டு வரம்பு கட்டுப்படுத்தாது என்றும், அந்த அதிகாரத்தை அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செலுத்த வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1980-இலேயே மாரு ராம் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது.

தெளிவாக்கப்பட்ட அந்தச் சட்டம் நடைமுறையில் என்னவாகிறது என்பதற்கு, ராஜீவ் காந்தி கொலையில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் வழக்கே போதிய சான்று. 1991 ஜூன் மாதம் 19 வயதில் கைதான அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, கருணை மனுவின் மீது முடிவெடுப்பதில் நேர்ந்த நெடுங்காலத் தாமதத்தால் 2014 பிப்ரவரி 18 அன்று ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சிறையிலிருந்தபடியே பிளஸ் டூ தேர்வில் 91 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் பெற்று, பின்னர் கணினிப் பயன்பாட்டில் முதுநிலைப் பட்டமும் பெற்ற அவரை விடுவிக்கலாம் என்று தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆளுநர் மாளிகையில் கிடந்து, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. மூன்று முறை பரோலில் வந்தபோதும் அவர்மீது எந்தப் புகாரும் எழவில்லை என்பதைக் கருத்தில்கொண்டு 2022 மார்ச்சில் பிணை வழங்கிய உச்ச நீதிமன்றம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதற்கு அரசியலமைப்பில் இடமில்லை என்று கூறி, 142-ஆம் பிரிவின் தனி அதிகாரத்தைக் கொண்டு மே 18 அன்று அவரை விடுவித்தது. இதற்கு 31 ஆண்டுகளும், ஒரு தாயின் ஓயாத அலைச்சலும், கட்சிகளின் ஆதரவும், தேர்ந்த வழக்கறிஞர்களும் தேவைப்பட்டன. இவற்றில் ஒன்றும் இல்லாத, வரப்புத் தகராறு கொலையில் முடிந்து சிறை சென்ற ஒரு விவசாயக் கூலியின் கோப்பை யார் தேடிப் போய்க் கேட்பது?

அத்தகையோருக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் விழாக் கால விடுதலைகளே. 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஏழு ஆண்டுகள் முடித்த 1405 ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்குப் பத்து ஆண்டுகள் என்று அளவுகோல் மாறியது. 2021-இல் மீண்டும் அண்ணா பிறந்த நாளுக்கு 700 பேர் என்று அறிவிக்கப்பட்டது. விடுதலையான ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது நல்வாய்ப்புதான் என்றாலும், தலைவர் பிறந்த நாளுக்கும் கைதியின் மனமாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்பது எவருக்கும் விளங்குவதில்லை. ஆயுள் கைதிகளின் முன்விடுதலை பற்றி ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி ஆதிநாதன் குழுவின் பரிந்துரைக்குப் பின், முதற்கட்டமாக 49 கைதிகளின் கோப்புகள் 2023 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநருக்கு அனுப்பப்பட்டதாக முதலமைச்சர் அக்டோபரில் சட்டமன்றத்தில் தெரிவிக்க நேர்ந்ததே, கோப்புகள் நகரும் வேகத்தைக் காட்டிவிடுகிறது. மாநிலத்தில் முன்விடுதலைக் கொள்கை இருக்குமானால், கைதி மனுச் செய்யாவிட்டாலும் தகுதி வந்ததும் அரசே அவர் வழக்கைப் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 18 அன்று கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மதிப்பதென்றால், தகுதி பெறும் தேதி கைதிக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவும், அதன்பின் குறித்த காலத்துக்குள் முடிவு வரவும், மறுப்பானால் காரணம் எழுத்தில் தரப்படவும் வேண்டும்.

கொலையுண்டவரின் குடும்பத்துக்கு என்ன பதில் என்ற கேள்வி நியாயமானது. ராஜீவ் காந்தியுடன் ஸ்ரீபெரும்புதூரில் இறந்தவர்களின் குடும்பத்தார் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். அவர்களின் இழப்பை எந்த நன்னடத்தைச் சான்றும் ஈடுசெய்யாது. ஆனால், குற்றத்தின் தன்மையைத் தண்டனை விதித்த நாளிலேயே நீதிமன்றம் எடைபோட்டுவிட்டது. விடுதலைப் பரிசீலனையில் அதற்குரிய இடம் இருந்தாலும், மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு உண்டா, இனியும் அடைத்து வைப்பதால் பயனுண்டா, குடும்பத்தின் நிலை என்ன என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துள்ளது. திருந்தாதவரைத் திருந்தியவராகக் காட்டி அனுப்புமாறு இங்கு எவரும் கேட்கவில்லை.

இந்தப் பரிசீலனையில் பொதுமக்களுக்கு நேரடியான பங்குண்டு என்பது பலரும் அறியாத செய்தி. விடுப்பானாலும் முன்விடுதலையானாலும், நன்னடத்தை அலுவலரும் காவல் துறையினரும் கைதியின் ஊருக்கு வந்து, அவர் திரும்பினால் அமைதி கெடுமா, ஆதரிக்க உறவினர் உண்டா என்று விசாரித்து அறிக்கை தருவர். ‘எதற்கு வம்பு’ என்று தெருவில் நால்வர் ஒதுங்கிக்கொண்டால், ‘ஊரில் ஆதரவில்லை’ என்று எழுதுவது எளிதாகிவிடுகிறது. சிறைக்குள் பதினைந்து, இருபது ஆண்டுகள் சேர்த்த நற்பெயர் அந்த ஒரு வரியில் கரைந்துபோகிறது. ஆகவே, சேலம், நாமக்கல் வட்டாரத்து ஊர்ப் பெரியவர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும், விசாரணைக்கு அலுவலர் வரும்போது முன்வந்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்; தகுதி பெற்றும் காத்திருக்கும் ஆயுள் கைதிகளின் கோப்புகள் மீது காலவரம்புக்குள் முடிவெடுக்கக் கோரி உள்துறைக்கும் தங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம் மாவட்டம்.