போடி பாதையின் இரவுகளைக் குத்தகைக்கு விடலாம்

பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, சுற்றுவட்டாரப் பேச்செல்லாம் மலையைக் குடைவது பற்றித்தான் இருந்தது. மலைக்குள் வைக்கத் திட்டமிட்ட கருவிக்குத் தேவைப்பட்ட இரும்பு மட்டும் 50,000 டன். அதைக் கொண்டுவர அன்றைக்குச் சாலையை விட்டால் வேறு வழி கிடையாது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடிவிட்டிருந்தார்கள். அகலப்பாதை வேலை ஆமை வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆய்வகம் எதிர்ப்பிலும் வழக்கிலும் சிக்கி நின்றது. பாதை மட்டும் திரும்பி வந்துவிட்டது: 2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூன் 15 அன்று போடி வரை.

வந்த பாதையில் என்ன ஓடுகிறது? போடி வரை திறந்தபோது கொடுத்தவை மதுரைக்குத் தினமும் ஒரு முன்பதிவில்லா வண்டி, சென்னைக்கு வாரத்தில் 3 நாள் ஓர் எக்ஸ்பிரஸ். மதுரையிலிருந்து தேனி வரையிலான 75 கிலோமீட்டரை மாற்றவே 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அந்தப் பணத்தில் போட்ட தண்டவாளம் ஒரு நாளின் பெரும்பகுதி வெயில் காய்கிறது. அதே நேரத்தில் ஆண்டிபட்டிக் கணவாயில் லாரிகள் வரிசை கட்டி ஏறுகின்றன.

இந்த வெற்று மணிநேரங்களைச் சரக்குக்காகக் குத்தகைக்கு விட வேண்டும். பாதையை விற்கச் சொல்லவில்லை. மொத்தமாக ஒரு கம்பெனியிடம் தூக்கிக் கொடுக்கவும் சொல்லவில்லை. ரயில்வேக்குச் சொந்தமான பாதையில், ரயில்வே பயன்படுத்தாத நேரத்தை மட்டும், உள்ளூர் வியாபாரிகளும் விவசாயிகளும் பங்குதாரர்களாக இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, காலவரையறையோடு கொடுக்கலாம்.

தனியார் என்றதும் முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். இந்தப் பகுதியின் சரக்கு ரயில் சரித்திரமே ஒரு கம்பெனி ரயிலில்தான் தொடங்குகிறது. மூணாறு தேயிலையைக் கீழே இறக்க 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. இழுத்தவை மாடுகள். 1908இல் அது இரண்டடி அகல நீராவி ரயிலாக மாறியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிப் பக்கம் கம்பிவடத்தில் இறக்கம், பிறகு போடிக்கு வண்டிப்பாதை. டாப் ஸ்டேஷனுக்கு இன்று முகில் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு அங்கே உண்மையிலேயே ஒரு ஸ்டேஷன் இருந்தது தெரியாது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்குச் சமவெளி ரயில் வந்ததோ 1928இல். மலை ரயிலும் சமவெளி ரயிலும் 4 ஆண்டு இடைவெளியில் ஒன்றையொன்று பார்க்காமலே போயின. சமவெளிப் பாதையையும் இரண்டாம் உலகப் போர் விட்டுவைக்கவில்லை; தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் மறுபடி போட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு முறை ரயிலை இழந்து திரும்பப் பெற்ற ஊர், மூன்றாவது முறை அதைச் சும்மா வைத்திருப்பது நியாயமில்லை.

உள்ளூர் அமைப்பு ஒன்று ரயில் பாதைக்குச் சொந்தக்காரராக இருந்து, ஓட்டுவதை இன்னொருவரிடம் விட்ட கதையும் தமிழ்நாட்டில் உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலக்காரர்களிடம் தனி மேல்வரி வசூலித்து மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டது. 1894இல் வண்டி ஓடியது. பாதை போர்டினுடையது, ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. கடைமடை நெல் அந்த வழியில் போயிற்று. டெல்டாவின் மிராசுதார்கள் 130 ஆண்டுகளுக்கு முன்பு போட்ட கணக்கு, கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய வியாபாரிகளுக்குப் புரியாத கணக்கல்ல.

சரி, ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் ரயில்வே கேட்கிற உருவில் இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான். இந்திய ரயில்வேயின் சரக்கு வருமானம் நிலக்கரி, இரும்புத் தாது, சிமென்ட், உணவு தானியம் ஆகியவற்றால் நிற்கிறது. இவையெல்லாம் முழு ரேக்காக, 40க்கும் மேற்பட்ட வேகன்களில் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்குபவை. ஒரு ரேக் என்றால் இரண்டாயிரம் டன்னுக்கு மேல். சின்னமனூர் வாழை வியாபாரி ஒருவரால் அவ்வளவு சேர்க்க முடியாது. சேர்த்தாலும் முதல் தார் ஏறும்போது பச்சையாக இருந்தது கடைசித் தார் ஏறும்போது பழுத்திருக்கும். அதனால் அவர் லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போன் போடுகிறார். லாரி தோட்டத்துக்கே வருகிறது, இரவோடு இரவாகச் சென்னையில் நிற்கிறது. ரயில் இந்த வசதியோடு போட்டியிட வேண்டும். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. இன்னொரு ஏல மையம் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியில். ஆனால் ஏலக்காயை நம்பிச் சரக்கு ரயில் ஓட்ட முடியாது. விலை அதிகம், எடை குறைவு. மூட்டைக்கு மூட்டை காவல் வேண்டும். இந்தப் பாதையின் உண்மையான சரக்கு வேறு. வெளியே போவதில் வாழை, மாங்காய், தேங்காய், போடியின் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. உள்ளே வருவதில் உரம், சிமென்ட், கம்பி, மாட்டுத்தீவனம், ரேஷன் அரிசி, தேனி–ஆண்டிபட்டி மில்களுக்குப் பருத்தி. இடுக்கித் தோட்டங்களுக்கு இந்தப் பக்கமாக ஏறும் உரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே வருவது கனம். வெளியே போவது அவசரம். இரண்டையும் ஒரே வண்டியில் பொருத்தத் தெரிந்தவர்தான் இந்தப் பாதையில் லாபம் பார்ப்பார். அந்தப் பொருத்தும் வேலையை டெல்லியில் இருக்கும் ரயில்வே வாரியம் செய்யாது. மண்டியிலும் உரக்கடையிலும் ஏறி இறங்கி லோடு பிடிக்கத் தெரிந்த சின்ன நிறுவனம் செய்யும்.

அமெரிக்காவில் 1980இல் வந்த சட்டம் ஒன்று பெரிய ரயில் கம்பெனிகள் தங்களுக்குக் கட்டுப்படியாகாத கிளைப் பாதைகளைக் கைமாற்றுவதை எளிதாக்கியது. இன்று அங்கே 600 அளவுக்குச் சிறு ரயில் நிறுவனங்கள் உள்ளன. சில நகராட்சிகளே சொந்தமாக வைத்திருக்கின்றன. ஆரிகன் மாநிலத்தின் பிரைன்வில் சிற்றூரை முதன்மைப் பாதை ஒதுக்கிவிட்டுப் போனது. ஊரார் கடன் பத்திரத்துக்கு வாக்களித்து, 1918இல் சுமார் 30 கிலோமீட்டர் இணைப்புப் பாதையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நகராட்சியின் ரயில் இன்றும் ஓடுகிறது. மரத் தொழில் கொழித்த காலத்தில் ரயில் லாபத்தாலேயே ஊரின் செலவு நடந்து, சில ஆண்டுகள் சொத்துவரி வாங்கவில்லை. தேனி–போடி தூரம் அதில் பாதி.

அதே நாட்டில் சின்சினாட்டி நகரத்தின் கதை வேறு மாதிரி முடிந்தது. நகரம் தன் பணத்தில் சட்டநூகா வரை போட்ட பாதையை 1880களிலிருந்து குத்தகைக்கே விட்டிருந்தது. குத்தகைப் பணம் கடைசியில் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் அளவுக்கு வந்தது. பாதையில் சரக்கு எவ்வளவு பெருகினாலும் நகரத்துக்கு வருவது பேசிய தொகைதான். 2023 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 160 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கும் வாரத்துக்கு விட்டவருக்கும் உள்ள வித்தியாசம் கம்பம் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஒருவருக்கு விளைந்தாலும் காய்ந்தாலும் அதே பணம், மற்றவருக்கு விளைச்சலில் பங்கு. போடிப் பாதைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அடிப்படையாக ஒரு சிறு தொகை, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் ரயில்வேக்குப் பங்கு.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. குஜராத்தில் சுரேந்திரநகர்–பிபாவாவ் இடையே 271 கிலோமீட்டர் பாதையை ரயில்வேயும் துறைமுகமும் பாதிக்குப் பாதி பங்கில் கூட்டு நிறுவனம் அமைத்து அகலப்படுத்தின. உரிமை 33 ஆண்டுகளுக்கு. வண்டியை ஓட்டுவது மேற்கு ரயில்வே. வருமானத்தில் பங்கு கூட்டு நிறுவனத்துக்கு. ஆண்டுக்கு இவ்வளவு சரக்காவது வரும் என்று துறைமுகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அந்த உறுதிதான் அச்சாணி. தேனியில் அப்படிக் கையெழுத்துப் போட ஒரு துறைமுகம் இல்லை. ஆனால் 2021இல் மத்திய வேளாண் அமைச்சகம் நாடு முழுக்கத் தோட்டக்கலைத் தொகுப்புகள் 12ஐத் தேர்ந்தெடுத்தபோது, வாழைக்குத் தேனியும் அனந்தபூரும் இடம் பிடித்தன. தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், நுகர்பொருள் வாணிபக் கழகமும், ஒன்றிரண்டு உர நிறுவனங்களும் சேர்ந்து உறுதி கொடுத்தால் ஒரு துறைமுகத்துக்கு ஈடாக இல்லாவிட்டாலும், வாரத்துக்குச் சில வண்டிகளுக்காவது தாங்கும்.

தோற்றுப்போனவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. 2020 ஆகஸ்டில் தொடங்கிய கிசான் ரயிலில் காய்கறி, பழத்துக்குப் பாதிக் கட்டணம் மானியம். மானியம் இருந்தவரை ஓடிற்று, நின்றதும் படுத்துவிட்டது. அதே 2020இல் 151 பயணிகள் ரயில்களைத் தனியாருக்குக் கொடுக்க டெண்டர் கேட்டார்கள். விரல் விட்டு எண்ணும்படிக்கூட ஏலம் வரவில்லை, திட்டத்தைச் சுருட்டிவிட்டார்கள். கட்டணம், கால அட்டவணை, தண்டவாளம், சிக்னல் எல்லாம் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, நஷ்டத்தை மட்டும் இன்னொருவர் சுமக்கச் சொன்னால் யார் வருவார்கள்?

மறுபக்கம், முடிவே இல்லாத ஒப்பந்தமும் ஆபத்து. விதர்பாவின் பருத்திக்காக யவத்மால் பக்கம் பிரிட்டிஷ் கம்பெனி போட்ட சகுந்தலா ரயில், நாடு விடுதலை பெற்ற பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் கம்பெனிக்கே சொந்தமாக இருந்தது. வண்டியை ஓட்டியது இந்திய ரயில்வே. பாதைக்காகக் கம்பெனிக்குப் பணம் கட்டிக்கொண்டும் இருந்தது. பாதை தேய்ந்து கடைசியில் வண்டியே நின்றது. போடிக்கான ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு ஆண்டு சரக்கு ஏற்றாவிட்டால் தானாகவே ரத்தாக வேண்டும்.

தண்டவாளப் பராமரிப்பு எக்காரணம் கொண்டும் குத்தகைதாரரிடம் போகக் கூடாது. பிரிட்டனில் பாதையைத் தனியார் கம்பெனியிடம் விட்டார்கள். 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் கண்ட தண்டவாளம் உடைந்து 4 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அந்தக் கம்பெனி திவாலானது. பயணிகள் ஏறும் பாதையில் இந்தச் சோதனைக்கு இடமில்லை.

நேரம் இரவாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. தேனி ஊருக்குள் மதுரை சாலையில் கேட் போட்டால் என்ன ஆகும் என்பது அந்த வழியாகப் பள்ளிப் பேருந்தில் போகும் பிள்ளைகளுக்கே தெரியும். பகலில் நீளமான கூட்ஸ் வண்டியை விட்டால், ரயிலை வரவேற்று மாலை போட்ட அதே ஜனம் மறியலில் உட்காரும். அதோடு பகல் நேரம் பயணிகளுடையது. தினசரி சென்னை வண்டியும் மதுரைக்குக் கூடுதல் வண்டிகளும் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. சரக்கைக் காட்டி அதைத் தள்ளிப்போட ரயில்வேக்கு வழி செய்து கொடுத்துவிடக் கூடாது.

கம்பத்துக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பாதை போடியில் முடிகிறது. கம்பத்தின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது. அந்தத் திராட்சையைத் தேனி வரை லாரியில் கொண்டுவந்து, இறக்கி, மறுபடி வேகனில் ஏற்றினால் பாதி நசுங்கிவிடும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இரண்டு மடங்கு. உண்மைதான். திராட்சை லாரியிலேயே போகட்டும். திண்டுக்கல்லிலிருந்து லோயர்கேம்ப் வரை ரயில் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை நிறைவேறும் நாளில் அதைப் பற்றிப் பேசலாம். ஆனால் இருக்கிற பாதையிலேயே சரக்கு இல்லை என்றால், புதுப் பாதைக்கான கோப்பில் அதிகாரி எழுதப்போகும் முதல் வரி என்னவாக இருக்கும் என்பதைக் கம்பத்துக்காரர்களும் யோசிக்க வேண்டும்.

தொடங்குவதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கார்டு பெட்டியோடு இருக்கும் 4 டன் சரக்கு அறைகளையும், 23 டன் பிடிக்கும் பார்சல் வேன்களையும் ரயில்வே பல ஆண்டுகளாகத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. போடியிலிருந்து சென்னைக்கு ஒரு பார்சல் வேன் வாழை நிரம்புகிறதா என்று ஒரு பருவம் பார்க்கலாம். நிரம்பினால் அடுத்த படி, நிரம்பாவிட்டால் பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை.

மதுரைக் கோட்டம் செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவே கிடையாது: மதுரை–போடி பாதையில் எந்த நாள், எந்த மணி காலியாக இருக்கிறது, எந்த ஸ்டேஷனில் சரக்கு ஏற்ற இடம் இருக்கிறது என்பதைப் பொதுவில் வெளியிடட்டும். தேனி, போடி, சின்னமனூர் வியாபாரிகள் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மனு எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, ஒரு மாதத்தில் எத்தனை லோடு வெளியே போகிறது, எத்தனை உள்ளே வருகிறது, லாரிக்கு என்ன வாடகை கொடுக்கிறார்கள் என்று ஊர்வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். கோட்ட மேலாளரைப் பார்க்கப் போகும்போது சால்வைக்குப் பதில் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.