பெட்டி கேஸ் என்று எதுவுமில்லை

"சின்ன கேஸ்தானப்பா, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துரு." தூத்துக்குடி கோர்ட்டு வாசலில் சேரிப் பையன்களுக்கு வக்கீல்களும், நம் தலைவர்கள் சிலரும் வழங்கும் அருள்வாக்கு இது. உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் போகிறவனுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் கூலி. அதனால் இது கருணைபோலத் தெரிகிறது. உண்மையில் வசதி யாருக்கு? கேஸ் போட்ட போலீசுக்கு. போடவைத்த சாதி இந்துவுக்கு.

நான் பேங்க் எழுத்தர். வேலைக்குச் சேர்கிறவன் நிரப்பும் படிவம் கேட்கிறது: கைதானதுண்டா? அபராதம் விதிக்கப்பட்டதுண்டா? அன்று கட்டிய ஃபைன் அங்கே வாய்திறக்கும். ஒத்துக்கொண்டவனுக்கு, தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் தவிர வேறெதிலும் அப்பீல் கிடையாது.

'சாட்சியைச் சரிக்கட்டிக்கலாம்' என்கிறவர்களுக்கு: தமிழ்நாடு போலீஸ் பணி விதி 14(பி)-யின் விளக்கப்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனே. 2008-ல் உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை ஏற்றது.

ஆகவே, கடைசியில் தப்பிப்பதல்ல, எஃப்.ஐ.ஆரிலேயே அடிப்பதுதான் நம் தற்காப்பு. மறியல் செய்தால் 188 போடுவான். அந்தப் பிரிவில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் தரவேண்டும் என்று 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, வழக்கை ரத்து செய்தது. 2024 ஜூலை முதல் 188 என்பது பாரதிய நியாய சன்ஹிதா 223. எண் மாறினாலும், எழுத்துப் புகார் வேண்டும் என்பது மாறவில்லை. கெட்டவார்த்தைக்கு 294(பி), இப்போது 296. என்ன வார்த்தை? எந்தப் பொது இடம்? எரிச்சலடைந்தது யார்? கேளுங்கள் தோழர்களே!

சின்ன கேஸ் என்ன செய்யும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூனில் அப்பனையும் மகனையும் உள்ளே தள்ளிய எஃப்.ஐ.ஆரிலும் இதே 188, 294(பி) இருந்தன. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். திரும்பி வந்தவை இரண்டு பிணங்கள். கடைவைத்திருந்த வியாபாரிகளுக்கே இந்தக் கதி என்றால் சேரிக்காரனுக்கு?

காசில்லையா? 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு: பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல். பிச்சையல்ல, உரிமை. அந்த வக்கீலும் 'ஒத்துக்கோ' என்றால், வேறு வக்கீல் கேள்.

மைக் செட்டுக்குச் செலவழிக்கிற இயக்கம் ஊர்க்கிளைக்கு ஒரு வழக்கு நோட்டும் வாங்கட்டும். எஃப்.ஐ.ஆர். எண், பிரிவு, வாய்தா தேதி எல்லாம் அதில் ஏறட்டும். வாய்தா நாளில் பையனோடு நாலுபேர் போய் நிற்கட்டும்.

செய்யாததைச் 'செய்தேன் ஐயா' என்பது, பண்ணையார்முன் நம் பாட்டன் கைகட்டி நின்றதன் தொடர்ச்சி. கூண்டில் நம் பதில் இனி இதுதான்: "குற்றம் செய்யவில்லை. விசாரியுங்கள்."