கூழுக்கும் ஆசை, க்ளிக்குக்கும் ஆசை!

பெங்களூருல வேலைக்குச் சேர்ந்த என் சீனியர் ஒருத்தர் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். உயரமான கண்ணாடி டம்ளர், பின்னாலிருந்து சாயங்கால வெயில், உள்ளே தேன் கலர்ல க்ராஃப்ட் பீர், மேலே ரெண்டு விரல் கனத்துக்கு நுரை. படம் சும்மா நச்! அதோட விட்டாரா? 'உங்க நாமக்கல் பக்கம் இப்படி ஒண்ணு காட்டு பார்ப்போம்'னு கீழே ஒரு நக்கல் வேற.

காட்டிட்டாப் போச்சு சீனியர். காரவள்ளியிலேர்ந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும், அவ்வளவுதான்.

பதறாதீங்க, உங்களை பாருக்குக் கூட்டிட்டுப் போகப் போறதில்லை. தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு அதெல்லாம் சட்டப்படியே கிடையாது, இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இன்னும் அந்த வயசு ஆகலை. நாம போறது கொல்லிமலைக் கேழ்வரகுக் கூழுக்கு. பீருக்கும் கூழுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நிறைய இருக்கு பாஸ்.

க்ராஃப்ட் பீர்னா என்ன? பெரிய ஃபேக்டரியில கோடி பாட்டில் ஒரே ருசியில வராம, ஒரு ஆள் சின்ன அளவுல, தன் கைப்பக்குவத்துல தானியத்தைப் புளிக்க வைக்கிறது. தானியம், தண்ணி, நேரம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்... இந்த நாலும்தான் சரக்கு. ஆயா வீட்டுக் கூழ்ப்பானையிலயும் அதே நாலுதானே? நேபாளத்துலயும் சிக்கிம்லயும் இதே கேழ்வரகை வேகவச்சு ஈஸ்ட் கலந்து புளிக்கவிட்டு, சுடுதண்ணி ஊத்தி மூங்கில் குழல்ல உறிஞ்சிக் குடிக்கிறாங்க. 'தோங்பா'ன்னு பேரு. அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம பெரும்பாணாற்றுப்படையிலயே செய்முறை இருக்கு. அரிசிக் களியை ஆறவச்சு, முளைகட்டின நெல்லை இடிச்சுக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி சாடியில ஊறவிட்டுப் பிழிஞ்சு எடுக்கறது. முளைகட்டினா தானியத்துல இருக்கற மாவுச்சத்து சர்க்கரையா மாறும். சர்க்கரையை ஈஸ்ட் தின்னா ஆல்கஹால். இதைத்தான் பீர்க்காரங்க 'மால்ட்'டுன்னு ஸ்டைலா சொல்றாங்க. நம்ம கூழ்ல முளைகட்டற வேலையும் இல்லை, போதையும் இல்லை. தயிரைப் புளிக்க வைக்கிற அதே லாக்டிக் பாக்டீரியா வகையறாதான் மாவையும் புளிக்க வைக்குது. அதனால வார்டன்கிட்ட மாட்டிக்குவோமோன்னு பயப்பட வேண்டாம்!

செம்மேட்டுல இறங்கி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போற வழியில நீலத் தார்பாய் போட்ட ஒரு கடை. ஒரு ஆயா, ஒரு மண்பானை, நாலு சொம்பு. முந்தின நாளே புளிச்ச மாவை நொய்யோட சேர்த்துத் துடுப்பு போட்டுக் கிண்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில மோர் விட்டுக் கரைப்பாங்க. உப்பு, நறுக்கின சின்ன வெங்காயம். தொட்டுக்க மோர் மிளகாய்.

குடிக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. பீர் ருசி பார்க்கறவங்க மொதல்ல கலரைப் பார்ப்பாங்க, அப்புறம் மோந்து பார்ப்பாங்க, கடைசியிலதான் வாய். நீங்களும் அப்படியே பண்ணுங்க. மோர் மிளகாயைக் கொஞ்ச நேரம் தள்ளி வைங்க, அது வந்துட்டா வேற எதுவும் நாக்குல ஏறாது. சொம்பைக் கிட்டக் கொண்டு வந்தா மொதல்ல புளிப்பு வாசம், அதுக்குப் பின்னாடி வறுத்த தானியம் மாதிரி ஒண்ணு, கடைசியா மழை பேஞ்ச மண் மாதிரி ஒண்ணு. ஒரு வாய் குடிச்சு அப்படியே நிறுத்துங்க. புளிப்பு போனதும் லேசா ஒரு இனிப்பு எட்டிப் பார்க்கும். நொய் பல்லுல தட்டுப்படும். காலையில 9 மணிக்கு ஒரு சொம்பு, மத்தியானம் 2 மணிக்கு ஒண்ணுன்னு குடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்காது. பானைக்குள்ள பாக்டீரியா வேலையை நிறுத்தறதில்லையே! (ரெண்டாவது சொம்பு முடிச்ச கையோட இறங்கற பஸ்ல ஏறாதீங்க. 70 வளைவு இருக்குன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன்.)

இப்ப கேமரா மேட்டருக்கு வருவோம். மொதல்ல லென்ஸைத் துடைங்க, பஸ் கம்பியைப் பிடிச்ச கை ரேகை பூரா அதுலதான் இருக்கும். பீரு, கட்டங்காப்பி, தேன் இதெல்லாம் வெளிச்சத்தை உள்ளே விடற சமாச்சாரம். அதனால வெளிச்சம் பின்னாலிருந்து வந்தா ஜொலிக்கும். சீனியர் படத்தோட ரகசியமே அதுதான். கூழ் அப்படி இல்லை, கெட்டி. பின்னாடி வெளிச்சம் வச்சீங்கன்னா மண் மூட்டை மாதிரி இருண்டு போகும். பக்கவாட்டு வெளிச்சம்தான் கூழுக்கு. அப்பத்தான் மேல மிதக்கற வெங்காயமும் நொய்யும் குட்டிக் குட்டி நிழலோட எழுந்து நிக்கும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளையோ துண்டையோ பிடிச்சா நிழல் ரொம்பக் கருக்காது. எவர்சில்வர் சொம்புல உங்க சிவப்பு டி-சர்ட் பளபளன்னு தெரியும், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க. வைட் ஆங்கிள்ல கிட்டப் போனா சொம்பு வாய் அண்டா மாதிரி விரியும். ரெண்டடி பின்னாடி வந்து 2எக்ஸ்ல எடுங்க. முக்கியமா ஒண்ணு, காலிச் சொம்பை வச்சே ஃப்ரேமை முடிவு பண்ணிட்டு, அப்புறமா ஊத்தச் சொல்லுங்க. பீர்ல நுரை அடங்கற மாதிரி, கூழ்ல மாவு அடியில இறங்கி மேல தண்ணி தெளிஞ்சுடும். கையில இருக்கறது ஒரு நிமிஷம்தான்.

அந்த நீலத் தார்பாய் இருக்கே, அதுதான் பெரிய வில்லன். அதுக்குக் கீழ எல்லாமே நீலம்தான். கூழு, ஆயா, நீங்க எல்லாரும்! சொம்பைத் தூக்கிட்டு வெளியே வந்துடுங்க. பனிமூட்டம் இருந்தா லக்கு, வானமே ஸ்டூடியோ விளக்கு மாதிரி மெத்துனு வெளிச்சம் கொடுக்கும். பின்னாடி ஒரே வெள்ளையா இருக்கறதால கேமரா ஏமாந்து சொம்பை இருட்டாக்கும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க.

அடுத்தது எடிட்டிங். இங்கதான் நான் கோட்டை விட்டேன்.

போன வருஷம் ஆயா கடைக்கு மொத தடவை போனப்ப எடுத்த படத்தை ஸ்னாப்சீட்ல திறந்தேன். கூழோட கலர் தெரியும்ல? சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு ஊதா. 'என்னடா இது, சிமெண்ட் கரைச்ச மாதிரி இருக்கே'ன்னு வார்ம் பக்கம் ஒரு இழு, சாச்சுரேஷன்ல ஒரு இழு, கான்ட்ராஸ்ட்ல ஒரு இழு. முடிச்சுப் பார்த்தா கூழ் சாக்லேட் மில்க்‌ஷேக் ஆயிடுச்சு. போஸ்ட் பண்ணினேன், லைக் அள்ளுச்சு, காலர் தூக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பப் போனா, ஆயா என்னைப் பார்த்ததும் கேட்ட மொதக் கேள்வி:

"ஏன் சாமி, போட்டாவுல என்னத்தக் காட்டுன?"

காலேஜ் பசங்க ஒரு செட்டு என் படத்தைக் காட்டி 'இது வேணும்'னு கேட்டிருக்காங்க. ஆயா கரைச்சு நீட்டியிருக்காங்க. பார்த்துட்டு, 'இது இல்ல பாட்டி'ன்னு ஒரு வாய் கூடக் குடிக்காமப் போயிட்டாங்களாம். நாலு சொம்பு கூழ். கரைச்சதைத் திரும்பப் பானையில ஊத்தவும் முடியாது. என் படத்தை ஆயாகிட்டயே காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "இது நாங் கரைச்சதில்ல. யாரு கரைச்சது?"ன்னாங்க. எனக்குப் பேச்சே வரலை.

மலையில சாமை, தினை, கேழ்வரகு போட்ட எத்தனையோ காட்டுல இன்னைக்கு மரவள்ளி நிக்குது. கிழங்கு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும், கையில காசு வரும். யாரைக் குத்தம் சொல்ல? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்லேர்ந்தே இந்த மலையில சிறுதானியத்தைக் காப்பாத்தப் பாடுபட்டுட்டு வருது. 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. இவ்வளவு பேர் அதுக்காக மெனக்கெடறப்ப, நான் பாட்டுக்கு ஒரு இழுப்புல கேழ்வரகோட கலரையே அழிச்சிருக்கேன் பாருங்க!

அதனால இந்த வாட்டி எப்படி எடிட் பண்ணினேன்னு சொல்றேன். சொம்பு பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை வச்சு ஒரு படம், தாள் இல்லாம அடுத்த படம். எடிட்டிங்ல மொத வேலை வைட் பேலன்ஸ். தாள் வச்ச படத்துல ஐட்ராப்பரை அந்தத் தாள் மேல வச்சு, தாள் வெள்ளையாத் தெரியறப்ப என்ன அளவு வருதோ அதையே அடுத்த படத்துக்கும் கொடுத்தேன். நீலம், மஞ்சள் எல்லாம் தானா ஓடிடும். அப்புறம் சொம்பு விளிம்புல அடிக்கிற வெளிச்சத்தைக் குறைக்க ஹைலைட்ஸைக் கொஞ்சம் இறக்கினேன். கூழோட மேற்பரப்புக்கு மட்டும் ஸ்ட்ரக்சர் கொஞ்சூண்டு, ஜாஸ்தி வச்சா சொறி பிடிச்ச மாதிரி ஆயிடும். சாச்சுரேஷனைத் தொடவே இல்லை. கூழ் டல்லா தெரியுதேன்னு தோணினா, எடுக்கறப்பவே பக்கத்துல ஒரு பச்சை மிளகாயை வைங்க. சாம்பல் கலர் தானா எடுப்பாத் தெரியும். அதுக்கு எந்த ஆப்பும் வேணாம், ஆயாகிட்ட கேட்டாலே போதும்.

புதுப் படத்தை ஆயாகிட்ட நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ம்... இது என்னுதுதான்."

அப்பாடான்னு போனை வாங்கப் போனா, விடலை. சொம்பு விளிம்புல வழிஞ்சு காஞ்சிருந்த ஒரு துளி கூழை விரல் வச்சுக் காட்டி, "இத மட்டும் தொடச்சுரு சாமி, கழுவாத சொம்புன்னு நெனச்சுக்குவாங்க"ன்னாங்க.

ஹீலிங் டூலை எடுத்துத் துடைச்சேன். சீனியருக்கு அந்தப் படம்தான் போயிருக்கு, பதில் இன்னும் வரலை.