போடிமெட்டும் கியர் வண்டியும்

போடியில இருந்து கேரள எல்லைக்கு சைக்கிள் மிதிக்கப் போறேன்னு சொன்னா, எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை கியர் வண்டி?" என்றுதான். கியர் வேண்டாம்னு சொல்லலை மக்களே. ஆனா ஆளைக் கவிழ்ப்பது ஏற்றம் இல்லை, வெயில்.

சமவெளியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனா காற்றை நாமே உண்டாக்கிக்கிறோம். வியர்வை காயும், உடம்பு ஆறும். முந்தல் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிச்சதும் வேகம் 6, 7க்கு இறங்கிடும். காற்றும் போச்சு. ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோன்னு வைங்க. 1,000 மீட்டர் உயரம் ஏற, சாப்பாட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட 1,000 கலோரி எரியணும். அதுல முக்கால் பங்கு வெறும் சூடு! எந்த கியர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால என் கட்சி இதுதான்: இருட்டோட கிளம்புங்க, ஒன்பது மணிக்குள்ள மேல இருங்க. 17 வளைவையும் நிக்காம ஏறினேன்னு பீத்திக்கிறதுக்காக உச்சி வெயில்ல மிதிக்கிறது வீரம் இல்லை. கூட வர்ற ஆளுக்கு தலை சுத்தி பேச்சு குழறுதா? உடனே நிழல், தண்ணி, ஆஸ்பத்திரி. "வியர்க்குதே, ஒண்ணுமில்லை"ன்னு விட்டுடாதீங்க. வியர்க்க வியர்க்கவே ஹீட் ஸ்ட்ரோக் வரும்.

எல்லை எங்கேயும் ஓடிடாது. ஏலக்காய் டீயும்தான் :)