ஆங்கிலப் பாடமும் அன்னையின் செவியும்



அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன், ஜெயமங்கலத்தில் என் தங்கை முறையாகும் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தமிழ்வழியில் பத்தாம் வகுப்புப் பயிலும் அவர் மகள், திண்ணையில் அமர்ந்து ஆங்கில விடையொன்றை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்க விடை; ஓரிடத்திலும் தடங்கலில்லை.

"லெட்ஜ் என்றாயே, அது என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். அச்சொல்லை அவ்விடையில் நான்கு முறை சொல்லியிருந்தாள்!

பாடம், 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃபிளைட்'. 2019ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் உள்ளது. எழுதியவர் லியம் ஓ ஃபிளாகர்ட்டி. அயர்லாந்தின் மேற்கே, கடலுள் செங்குத்தாக இறங்கும் பாறைகளையுடைய அரன் தீவுகளில் 1896இல் பிறந்தவர். பறக்க அஞ்சிய கடற்பறவைக் குஞ்சின் கதை இது. வராக நதிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்குக் கடற்பறவை புதிதாயிருக்கலாம், மலை புதிதன்று. எதிரே தெரிந்த மலைத்தொடரைக் காட்டி, "செங்குத்துப் பாறையில் காலூன்ற மட்டும் இடம் தந்து பிதுங்கி நிற்கும் விளிம்புதான் லெட்ஜ். அதன் கீழே கடல் என்று நினைத்துக்கொள்" என்றேன். "அம்மாடி! அங்கேயா மாமா அந்தக் குஞ்சு தனியாக நின்றது?" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கதை தொடங்கிற்று.

"உன் அம்மாவிடம் இதைத் தமிழில் சொல்" என்றேன்.

"எனக்கு இங்கிலீசு ஓரெழுத்தும் தெரியாதே அண்ணே" என்று தாய் தயங்கினார். ஆயினும் அரிசி புடைத்தவாறே கேட்டார். கேட்டவர் இடைமறித்து, "பெற்ற தாய் மீனைக் கொண்டுவந்துவிட்டு, எட்டாத தூரத்தில் ஏன் நின்றாள்?" என்றார். மகள் சற்றே சிந்தித்து, "பசியில் பாய்ந்தாலாவது பறக்குமே என்றுதான்" என்றாள். தேர்வில் வரத்தக்க வினாவும் விடையும் இவையே. பின்னர் அவளே ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதினாள். இரண்டில் பிழை இருந்தது, திருத்தினோம்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மனப்பாடச் செய்யுளை நிறுத்தற்குறி வழுவாது எழுதத்தான் வேண்டும். 35 மதிப்பெண்ணை எட்டத் திணறும் பிள்ளைகளுக்காக ஆசிரியர் படும் பாட்டையும் அறிவேன். ஆனால் வினா சற்றே மாறி வந்தால், பொருளறியாது உருப்போட்ட விடை கைகொடுப்பதில்லை.

செய்யுள் வினாக்களில் 'அலிட்டரேஷன்' கேட்பார்கள். அது நம் மோனைக்கு உறவு. ஆனால் எழுத்தைவிட ஒலியே அங்குக் கணக்கு. 'ரைம்' என்பதற்கு நம் இயைபு நெருங்கியது. தமிழ் வகுப்பில் கற்றதையே வேறு பெயரில் கேட்கிறார்கள் என்று எவரேனும் சொல்லிவிட்டால் பாதி அச்சம் தீரும்.

அதே நூலில் 'தி லாஸ்ட் லெசன்' என்றொரு பாடமும் உண்டு. பிரெஞ்சு மொழியில் அல்போன்ஸ் தோதே எழுதிய கதையின் ஆங்கில வடிவம். 1870–71 போருக்குப் பின் அல்சேஸ் பகுதி பிரஷ்யர் வசமாக, பள்ளியில் பிரெஞ்சு நிறுத்தப்படும் நாளை அது சொல்கிறது. மொழியை இழப்பதைப் பற்றிய அக்கதையையும் பொருள் விளங்காமலே ஒப்பிக்கும் பிள்ளைகள் உளர். இன்றிரவு உணவு வேளையில், அதை உங்கள் பிள்ளையிடம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரியாத இடத்தில் தயங்காது வினவுங்கள்.