பாடியவள் பெயர் என்ன?

நாமக்கல் மாவட்டத்திலே உள்ள கொல்லிமலைக்கு ஏறிச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றைக் கடந்து செம்மேட்டை அடைந்தால், குதிரைமீது அமர்ந்த ஒரு வீரனின் சிலையைக் காணலாம். அவன்தான் வல்வில் ஓரி. கொல்லிமலையை ஆண்டவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு அங்கே விழா எடுக்கிறார்கள்.

ஓரி மறைந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆகிவிட்டன. மலையமான் திருமுடிக்காரி என்பவன் அவனைப் போரிலே கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அரண்மனை போயிற்று, படையும் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. காரணம் என்ன? அவனைப் பாடியவர்கள் இருந்தார்கள்.

பசித்து வந்த கூட்டம்

வன்பரணர் என்ற புலவர் ஓரியைப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சொல்லும் கதை சுவையானது.

காட்டு வழியே ஒரு கூட்டம் வருகிறது. பாடிப் பிழைக்கும் ஏழைகளின் கூட்டம். வழியில் ஒரு வேட்டைக்காரனைப் பார்க்கிறார்கள். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் ஓர் உடும்பின் உடலில் போய் நிற்கிறது. வியந்துபோன கூட்டத்தார், அவன் இன்னான் என்று அறியாமலே முழவு கொட்டி, யாழ் மீட்டிப் பாடுகிறார்கள். அவன் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இறைச்சியும் மதுவும் தருகிறான். பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான்.

இன்னொரு பாட்டிலே, ஓரியின் கொடையால் வயிறு நிறைந்த அந்த மக்கள் ஆடவும் பாடவும் மறந்தே போனார்கள் என்று புலவர் சொல்லுகிறார். பசி தீர்ந்தது, பாட்டு மறந்தது! அப்படியானால் அதுவரை அவர்களைப் பாட வைத்தது பசிதான் என்று தெரிகிறது அல்லவா?

அந்தக் கூட்டத்திலே விறலியர் இருந்தார்கள். விறலி என்றால் ஆடியும் பாடியும் ஊர் ஊராகச் சென்ற பெண். வள்ளலின் பெயர் நமக்குத் தெரியும். புலவரின் பெயரும் தெரியும். விறலியின் பெயர் என்ன? யாரும் எழுதி வைக்கவில்லை.

கொடுமுடிக் குயில்

கொல்லிமலைக்குத் தென்மேற்கே, காவிரியின் அக்கரையில் இருக்கிறது கொடுமுடி. அங்கே 1908-ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழைக் குடும்பம். அந்தச் சிறுமி ரெயிலிலே பாடிக் காசு பெற்றதாக வரலாறு சொல்லுகிறது. அவளும் பசிக்காகப் பாடியவள்தான்.

அவர்தான் கே. பி. சுந்தராம்பாள்.

நாடக மேடையிலே அவர் புகழ் பெற்ற காலத்தில் ஒலிபெருக்கி பரவியிருக்கவில்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். சுந்தராம்பாளின் குரல் அங்கே போய்ச் சேர்ந்தது. கணீர் என்ற குரல். ஒரு சொல்கூடச் சிதையாத உச்சரிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அவர் பாட்டின் பொருள் விளங்கிற்று.

வாழ்க்கை அவருக்குப் பூப்படுக்கையாக இருக்கவில்லை. கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார். ஆனால் பாட்டை விடவில்லை. 1935-ல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ரூ. 1 லட்சம். அந்த நாளில் கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள்! 1953-ல் ‘ஔவையார்’ ஆனார். சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980-ல் காலமானார்.

பெயர் தெரியாத விறலியின் வழியிலே வந்த ஒருத்தி, தன் பெயரை நாடெங்கும் நிலைநாட்டிவிட்டார்.

அமெரிக்காவின் விறலி

கடல் கடந்தும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்ற ஊர். அங்கே 1894-ல் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர் பெஸ்ஸி ஸ்மித். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் போய்விட்டார்கள். அண்ணன் கிட்டார் வாசிக்க, தங்கை தெருவிலே ஆடிப் பாடிக் காசு சேர்த்தாள்.

அவர் பாடியதை ‘ப்ளூஸ்’ என்பார்கள். துயரத்தைச் சொல்லும் பாட்டு அது. நமக்கு இது புதிதல்ல. நம் தாய்மார்களின் ஒப்பாரியிலே இல்லாத துயரமா? தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்றே பெயர். சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் பாடிய முதல் பதிகம் அந்தக் கொல்லிப் பண்ணில்தான் அமைந்திருக்கிறது. துன்பம் பாட்டாக மாறுவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

பெஸ்ஸியின் முதல் இசைத்தட்டு 1923-ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. ‘ப்ளூஸ் பேரரசி’ என்று மக்கள் கொண்டாடினார்கள். அவருக்குப் பின்னால் வந்த ஜாஸ் பாடகிகள் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டே பாடக் கற்றார்கள். ஆனால் பேரரசிக்குத் தென் மாநிலங்களில் தங்க ஒரு நல்ல விடுதி கிடைக்காது. கறுப்பர்களுக்கு அங்கே இடம் இல்லை. தமக்கென்று ஒரு ரெயில் பெட்டியே வாங்கி, அதிலே தங்கி ஊர் ஊராகப் போய்ப் பாடினார். இசைத்தட்டு எத்தனை விற்றாலும் அவருக்குக் கிடைத்தது பாட்டுக்கு இவ்வளவு என்ற கூலிதான். விற்பனையில் பங்கு கிடையாது.

1937-ல் ஒரு மோட்டார் விபத்தில் அவர் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். ஆனால் அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல்கூட நடப்படவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, 33 ஆண்டுகள்! 1970-ல்தான் கல் நாட்டப்பட்டது. நாட்டியவர்கள் யார்? சிறு வயதில் பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணியும், பெஸ்ஸியின் பாட்டில் மனத்தைப் பறிகொடுத்த ஜானிஸ் ஜாப்ளின் என்ற இளம் பாடகியும்தான். இருவரும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்று செய்ய வேண்டியது

கைதட்டுவது சுலபம். பாடியவரை நினைவில் வைத்து, அவருக்கு உரியதைக் கொடுப்பதுதான் கடினம். பேரரசி என்று போற்றப்பட்டவருக்கே 33 ஆண்டுகள் கல் இல்லை என்றால், பட்டிக்காட்டிலே பாடுகிறவளின் கதி என்ன?

கொல்லிமலையிலும், தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் பாட்டுப் பாடும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு, ஒப்பாரி. அவற்றில் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாட்டியின் நெஞ்சிலேதான் இருக்கின்றன. அவள் போனால் பாட்டும் அவளோடு போய்விடும்.

‘பாட்டு நிலைத்தால் போதாதா? பெயர் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். பெயர் வேண்டும். பெயர் இல்லாத பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ‘இது நாட்டுப் பாட்டு’ என்று சொல்லிவிட்டால் போதும். பாடிக் கொடுத்தவளுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. பெயர் இருந்தால்தான் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கும். மரியாதையும் கூலியும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேரும்.

இன்று குடிசையிலும் கைப்பேசி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பாட்டியின் முன்னே உட்கார்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்யலாம். ‘பாட்டி, இதை யாரிடம் கற்றாய்?’ என்று கேட்டு, அவள் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வைக்கலாம். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவே கொடுக்கலாம். ஊர்த் திருவிழாவிலே பாடும் பெண்ணுக்குச் சேலை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல், பேசிய சன்மானத்தைக் கையிலே கொடுத்து, அவள் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை சொல்லலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

ஆடி மாதத்தில் செம்மேட்டிலே ஓரிக்கு மாலை விழட்டும். அவன் அதற்குத் தகுந்தவன்தான். தன் பெயரைச் சொல்லாமலே வாரிக் கொடுத்தவன் அவன். அவன் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது பாட்டு. அதே விழாவில் மலைநாட்டுப் பாட்டி ஒருத்தியை மேடைக்கு அழைத்து, அவள் பெயரைச் சொல்லிப் பாடச் சொன்னால், 2,000 ஆண்டுக் கடனில் ஒரு பங்காவது தீரும்.